அம்மா விழுங்கிய வரி

என் அம்மா ஆஞ்சலா பரலோக மந்திரத்தை முழுதாகச் சொல்லி நான் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. பூசையில் ஆகட்டும், வீட்டில் செபமாலை சொல்லும்போது ஆகட்டும், அன்றன்றைக்கு வேண்டிய உணவைக் கேட்கிற இடம் வரைக்கும் கணீரென்று வருவாள். அதற்கு அடுத்தது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று கடவுளிடமே சொல்கிற வரி. அங்கே வாய் மூடிவிடும். மற்றவர்கள் அதைச் சொல்லி முடிக்கும் வரை உதட்டை இறுக்கிக்கொண்டு பீடத்தைப் பார்த்தபடி நிற்பாள். பிறகு சோதனையைப் பற்றிய வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள்.

இதை பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் தெருக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் கவனித்திருந்தார்கள். கவனிக்காமல் விடுவார்களா? பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், ஒரு குழு அமைத்து அதற்கு அன்பியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி, செபம் செய்து, சுண்டல் தின்று, வராதவர்களை வாயில் போட்டு மென்றுவிட்டுக் கலைவார்கள். எங்கள் அன்பியத்தின் தலைவி மௌரீன் ஆன்ட்டி. எங்கள் கட்டடத்திலேயே கீழ்வீட்டில் இருப்பவர். ஒருநாள் செபம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஆஞ்சலா, கோவிச்சுக்காத. ஆண்டவரே கத்துக்குடுத்த ப்ரேயர். அதுல போயி ஒரு லைன முழுங்கறியே, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நெனச்சிக்கட்டும் அக்கா. பொய் சொல்ல எனக்கு வாய் வரல."

அன்றிலிருந்து மௌரீன் ஆன்ட்டி அம்மாவுக்காகத் தனியாகச் செபிப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்காக யார் செபிப்பது? இந்தத் தெருவில் கடவுளைப் பொருட்படுத்திப் பேசுகிற ஒரே ஆள் என் அம்மாதான் என்பது என் கட்சி. மற்றவர்கள் எல்லாம் பேருந்தில் டிக்கெட் வாங்குகிற மாதிரி செபம் சொல்கிறவர்கள்.

அம்மா கோலார் தங்கவயலில் பிறந்தவள். சுரங்கத்தை மூடியபோது தாத்தா வீட்டில் உட்கார்ந்துவிட, அம்மா ரயிலேறி பெங்களூருக்கு வந்து கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் நூல் வெட்டுகிற வேலை, பிறகு செக்கிங். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவின் கண்ணுக்குத் தப்பிய தையல் கிடையாது. லாரி வாசலில் நிற்கிறது, இதைமட்டும் விட்டுவிடு என்று சூப்பர்வைசர் கத்தியபோது, "இது பாஸ் ஆவாது" என்று சட்டையை அவன் மார்பிலேயே எறிந்தவள். மூக்கின் மேல் கோபம். அந்தக் கோபம் இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. எனக்கும் அவளிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான்.

என்னைப் பெற்றவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா என்று எழுதக் கை வரவில்லை, யூஜின் என்றே எழுதுகிறேன். ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நன்றாகப் பாடுவான். கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு எங்கே போனாலும் அவனைச் சுற்றி நாலு பேர் இருப்பார்கள். வீட்டில் மட்டும் இருக்க மாட்டான். சிந்தியா என்ற பெண் அம்மாவின் லைனில் தைக்க வந்தாள். சொந்தபந்தம் இல்லாமல் தனியாக இருக்கிறாளே என்று அம்மாதான் இரக்கப்பட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிக்குழம்பு என்றால் அவளுக்கும் ஒரு தட்டு உண்டு. வாய் நிறைய அக்கா அக்கா என்பாள். அந்தத் தட்டில் தின்றுகொண்டே எங்கள் குடியைக் கெடுத்தாள். ஒருநாள் யூஜின் தன் துணிமணிகளைச் சுருட்டிக்கொண்டு அவளோடு போய்விட்டான். அவள் சாப்பிட்ட தட்டை அம்மா கற்பூரவல்லித் தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க வைத்துவிட்டாள். அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் என் தம்பி க்ளென்னுக்கு டெங்கு வந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த பிள்ளை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு யூஜினையே கேட்டான். அம்மா போன் செய்தாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றவன் அதற்குப் பிறகு போனை அணைத்துவிட்டான். வரவில்லை. க்ளென் இறந்தான், புதைத்தோம், அதற்கும் வரவில்லை. சேதி போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியும். கல்லறை அம்மா பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நானும் அவளும் போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவோம். அம்மா அந்த வரியை விழுங்க ஆரம்பித்தது அந்த மழைக்காலத்திலிருந்துதான்.

தவக்காலம் வந்தால் எங்கள் அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலையான பாவங்கள் ஏழையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்வார் மௌரீன் ஆன்ட்டி. எந்தப் பாவம் வருகிறதோ அதை உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் வரைக்கும் எதிர்த்து நிற்க வேண்டும். அவருக்கு வருஷா வருஷம் பெருந்தீனிதான் வரும், எப்படி என்று கேட்கக்கூடாது. இனிப்பு சாப்பிடுவதில்லை என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு இருப்பார். அம்மாவுக்கு முதல் முறை வந்தது சோம்பல். விடியுமுன் எழுந்து குழாயில் வருகிற காவேரித் தண்ணீர் பிடித்து, சமைத்து, நாள் முழுக்க மேசை முன்னால் நிற்கிறவளுக்குச் சோம்பல்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தவக்காலம் முழுக்கச் சாயங்கால டீயைக்கூட உட்காராமல் நின்றுகொண்டே குடித்தாள். எனக்கு அழுகையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

இந்த வருஷம் அவளுக்கு வந்தது கோபம். பிரித்துப் பார்த்தாள். மடித்துத் திரும்ப டம்ளரில் போட்டாள்.

"இது வேணாம் அக்கா. வேற குடுங்க."

"அது எப்டி ஆஞ்சலா? வந்தா வந்ததுதான். காட் உங்கிட்ட பேசறாரு."

"பேசட்டும். இத உட்டுட்டா எங்கிட்ட இன்னா மிச்சம் இருக்கும்? இத வெச்சிக்கினுதான் இதோ இந்த டீனாவ வளத்தேன். வேற எது வேணா குடுங்க, செய்றேன்."

மௌரீன் ஆன்ட்டி மற்ற பெண்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அம்மா இன்னொரு சீட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவும் இல்லை.

இது நடந்து சில வாரங்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். எனக்குத் தொம்மலூரில் ஒரு கம்பெனியில் வேலை, விடுமுறை நாளில்தான் அம்மாவோடு உட்கார முடியும். அவள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் சிந்தியா.

ஆள் பாதியாகியிருந்தாள். தலை நரைத்து, கண் உள்ளே போய், செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு நின்றாள். ஆனாலும் அந்த முகத்தை நான் மறப்பேனா?

"டீனா, நல்லா இருக்கியாம்மா?"

"இன்னா வேணும்?"

அதற்குள் அம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டாள். கையில் கீரைக்கட்டு அப்படியே இருந்தது.

"அக்கா," என்றாள் சிந்தியா. "அவரு போயிட்டாரு."

"அவன் போயி எத்தினியோ வருஷமாச்சே. இப்ப வந்து சொல்ற?"

"இல்லக்கா. நேத்து சாய்ங்காலம். கிட்னி ரெண்டும் போயிடுச்சி. பாடி மார்ச்சுவரில இருக்குது."

அக்காவாம். யாருக்கு யார் அக்கா? எனக்கு அந்த ஒரு சொல்லிலேயே ரத்தம் தலைக்கேறியது. ஆனால் அவள் வந்த காரியம் அதைவிடப் பெரிதாக இருந்தது. யூஜின் எந்தக் கோயிலுக்கும் போனதில்லை, எந்தப் பங்கிலும் அவன் பெயர் இல்லை, கோயிலில் இருக்கிற எங்கள் குடும்ப அட்டையைத் தவிர. அவள் எங்கள் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறாள். புதுக் குழி வெட்டக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் இப்போது அப்படித்தான். குடும்பக் கல்லறை இருந்தால், அதே குழியைத் திறந்து, பழைய எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மேலே புதுப் பெட்டியை இறக்குவார்கள். அதற்குக் கல்லறை யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதாவது, என் தம்பியின் குழியைத் திறக்க வேண்டும். அவன் எலும்பை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே யூஜினைப் போட வேண்டும்.

"எரிச்சிடுங்க," என்றேன். "கரன்ட் சுடுகாட்டுக்கா இந்த ஊர்ல பஞ்சம்?"

"நானும் அப்டித்தான் நெனச்சேன்மா. ஆனா அவரு புள்ளகிட்ட போவணும்னு கேட்டாரு. கடைசியா அது ஒண்ணுதான் கேட்டாரு."

"புள்ளயா? எந்தப் புள்ள? ஜொரத்துல கெடந்து கூப்ட்டானே, அந்தப் புள்ளயா? அப்ப ஆட்டோ கெடைக்கலையா அவனுக்கு? இப்ப பெட்டில படுத்துக்கினு வர்றானா? வெக்கமா இல்ல உனக்கு, இந்த வாசப்படி ஏறி வந்து கேக்க?"

நான் கத்தியதில் மேல்வீடு, கீழ்வீடு எல்லாக் கதவும் திறந்தன. சிந்தியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போ," என்றாள் அம்மா.

கதவைச் சாத்தினேன். சிந்தியா போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள் என்பது சற்று நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது தெரிந்தது.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற அன்பியம் வந்து சேர்ந்தது. மௌரீன் ஆன்ட்டி முன்னால், இன்னும் இரண்டு பெண்கள் பின்னால். படியில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி வந்து, எங்கள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். மௌரீன் ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஞ்சலா, இதுக்குத்தான் அன்னிக்கு உனக்கு அந்தச் சீட்டு வந்துச்சி. நீ திருப்பிப் போட்ட. பாத்தியா, ஆண்டவர் உட்டாரா? மன்னிச்சிடும்மா. எறந்தவங்க மேல கோவம் வெச்சிருந்தா பாவம். கோவத்த பொறுமையால ஜெயிக்கணும். ஒரு கையெழுத்துதானே, போட்டுடு."

அம்மா கையை உருவிக்கொண்டாள். எழுந்து நின்றாள். சூப்பர்வைசர் முன்னால் அவள் எப்படி நின்றிருப்பாள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

"மன்னிச்சிடு மன்னிச்சிடுன்றீங்களே, இன்னாத்த மன்னிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா? என்ன உட்டுட்டுப் போனான், அத நான் எப்பவோ தொடச்சிப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரில என் புள்ள அப்பா எங்கம்மான்னு கேட்டான். வந்துக்கினே இருக்காருடா, இதோ வந்துருவாருன்னு சொன்னேன். அவன் போன ஆஃப் பண்ணிட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். என் புள்ள அத நம்பிட்டு, ஊசி குத்தறப்பகூட அழாம வாசலையே பாத்துக்கினு கெடந்தான். வாசலப் பாத்தபடியேதான் போனான். எம்புள்ளகிட்ட என்ன பொய்க்காரி ஆக்கிட்டான் அந்தப் பாவி! அன்னியிலிருந்து பொய் சொல்றதில்லன்னு இருக்கேன். சாமிகிட்டகூட சொல்றதில்ல. நீங்கள்ளாம் வாய் நெறைய அந்த வரிய சொல்றீங்க. மௌரீன் அக்கா, நீங்க உங்க தங்கச்சியோட பேசி எத்தினி வருஷமாச்சி?"

மௌரீன் ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது. சொத்துத் தகராறில் தங்கை வீட்டுச் சாவுக்குக்கூடப் போகாதவர் அவர். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

ஆனால் அம்மா கேட்டது இதை: "அவ இன்னும் படில இருக்காளா?"

"இருக்கா. இருக்கட்டும்."

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டாள். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்தாள். ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். சிந்தியா சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. க்ளென்னின் சிலுவை இடுப்பளவுகூட இருக்காது. அக்கம்பக்கத்துப் பெரிய கல்லறைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு நின்றது. அம்மா காய்ந்த இலைகளைப் பெருக்கினாள். தண்ணீர் ஊற்றிச் சிமெண்டைக் கழுவினாள். அப்புறம் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே யூஜினைத் திட்ட ஆரம்பித்தாள். படுபாவி, துரோகி, மனுஷ ஜென்மமா நீ என்று தொடங்கி, கல்லறைத் தோட்டத்தில் சொல்லக் கூடாத வார்த்தைகள் எல்லாம் வந்தன. தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த வெட்டியான் தாஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். நன்றாக இருந்தது.

திடீரென்று அம்மா நிறுத்தினாள்.

"டீனா, இவன் இன்னும் வாசலையே பாத்துக்கினு இருக்கான்டி."

"சும்னே இரும்மா. தம்பி சாமிகிட்ட இருக்கான்."

"இருக்கட்டும். அப்பா வந்துக்கினு இருக்காருன்னு நான் சொன்னது சொன்னதுதானே." சிலுவையில் க்ளென்னின் பெயரை முந்தானையால் துடைத்தாள். "வரட்டும்."



"இன்னாம்மா பேசற? பொணமா வர்றதுக்குப் பேரு வர்றதா?"

"எப்டி வந்தா இன்னா? எம்புள்ளகிட்ட நான் சொன்ன வார்த்த பொய்யாவக் கூடாது."

"அவன மன்னிச்சிட்டியா நீ?"

"தெரியல. இப்ப அவன் உயிரோட எழுந்து வந்தான்னா செருப்பாலயே அடிப்பேன். ஆனா கோவம் என்னோடது டீனா. புள்ள இன்னா பண்ணான்? என் கோவத்துக்காக அவன் இன்னும் காத்துக்கினு கெடக்கணுமா?"

நான் விடவில்லை. ஆட்டோவில் வீடு வரைக்கும் சண்டை போட்டேன். அவன் உன்னை மதித்தானா, என்னை மதித்தானா, நான் படித்து வேலைக்குப் போனேனே, ஒரு வார்த்தை கேட்டானா, இப்போது குழி மட்டும் நம்முடையதா என்று கேட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக ஓட்டினார். அம்மா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. நீ சொல்றது சரிதான், சரிதான் என்றே வந்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி என்று சொல்லிக்கொண்டே சரியில்லாததைச் செய்யப்போகிற ஆளிடம் என்ன பேசுவது?

சிந்தியா அதே படியில் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு இருந்தாள். அம்மா அவள் முன்னால் நின்றாள்.

"எழுந்திரு. ஃபாதர்கிட்ட போவலாம்."

"அக்கா..."

"அக்கான்னு கூப்புடாத. சாப்ட்டியா நீ?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"வா, உள்ள வந்து கைகழுவு. கோயில்ல மயக்கம் போட்டு உழுந்தா நான்தான் தூக்கணும்."

அம்மா சோறு போட்டாள். ரசம், முருங்கைக்கீரை. தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை எடுத்துக் கழுவிப் போடுவாள் என்று நினைத்தேன். இல்லை, நாங்கள் அன்றாடம் சாப்பிடுகிற தட்டில் போட்டாள். முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு, "உப்பு வேணும்னா அங்க இருக்குது" என்றாள். சிந்தியா தலையைக் குனிந்துகொண்டு தின்றாள். நான் உள் அறைக்குப் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்குக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் அடக்கம். அதற்கு மட்டும் போனேன், அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல். வண்டியிலிருந்து பெட்டியை இறக்க ஆளில்லை. அவனைச் சுற்றி நின்று பாட்டுக் கேட்டவர்களில் நான்கு பேர்கூட வரவில்லை. எங்கள் கட்டடத்து ஆண்கள்தான் தூக்கினார்கள். மௌரீன் ஆன்ட்டியும் வந்திருந்தார், கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

தாஸ் காலையிலேயே குழியைத் திறந்திருந்தான். அம்மா வீட்டில் மிஷினில் ஓரம் அடித்துக் கொடுத்தனுப்பியிருந்த வெள்ளைத் துணியில் என் தம்பியைக் கட்டி வைத்திருந்தான். அவ்வளவு சின்ன மூட்டை. வழக்கம்போல அதைக் குழியின் கால்மாட்டில் வைக்கக் குனிந்தான்.

"கால்மாட்டுல வேணாம்," என்றாள் அம்மா. "இப்டி குடு."

மூட்டையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பெட்டியை மூடி ஆணி அடிக்கப் போனவர்களைத் தடுத்தாள்.

"இருங்க. மூடாதீங்க."

பங்குச் சாமியார் என்னமோ சொல்ல வாயெடுத்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அம்மா பெட்டியருகே மண்டியிட்டாள். யூஜினின் விறைத்த கையைச் சிரமப்பட்டுத் தூக்கினாள். சிந்தியா ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்தாள். அம்மா அவளைத் தள்ளவில்லை. மூட்டையை அந்தக் கைக்கும் மார்புக்கும் நடுவில் வைத்து, கையை மேலே போட்டு அழுத்தினாள்.

"தூக்கு," என்றாள் யூஜினிடம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஒரு தடவையாவது புள்ளயத் தூக்கு."

பிறகு மூட்டையைத் தடவினாள். குரல் மாறிவிட்டது.

"க்ளென், அப்பா வந்துட்டாருடா. அம்மா சொன்னேன்ல?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள். தாஸ்கூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யூஜின் மேல், அவனுக்கு இப்படி ஒரு முடிவு கிடைத்ததே என்பதன் மேல், அதைக் கொடுத்த என் அம்மா மேல்.

பெட்டியை இறக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். உணவு கேட்கிற வரி வந்தது. அடுத்த வரிக்கு வழக்கமாக விழுகிற அந்த இடைவெளிக்கு என் காது தானாகத் தயாரானது. ஆனால் அம்மாவின் குரல் நிற்கவில்லை. கரகரவென்று, யாரையோ திட்டுகிற மாதிரி, மற்ற எல்லோரையும்விட உரக்க அந்த வரியைச் சொன்னாள். மௌரீன் ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். அவர் உதடு அசையவில்லை.

என் உதடும் அசையவில்லை. சின்ன வயதிலிருந்து ஒருநாளும் யோசிக்காமல் சொல்லிவந்த வரி அது. அன்றைக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று முதல்முறையாகக் கேட்டேன்.

வெளியே வந்து ஆட்டோ பிடிக்கும்போது அம்மா சிந்தியாவையும் ஏறச் சொன்னாள். அவள் தன் இடத்தில் இறங்கிப் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ அந்த வரிய சொல்லல."

"இல்ல."

"பரவால்ல. வர்றப்ப வரட்டும். சும்மாவாச்சும் சொல்லாத."

அடுத்த அன்பியக் கூட்டத்தில், கோபத்தைப் பொறுமை ஜெயித்ததற்கு ஆஞ்சலாவே சாட்சி என்று யாரோ ஒரு பெண் எழுந்து பேசினாளாம். பொறுமையாவது மண்ணாவது. அங்கே இருந்தவர்கள் யாராவது அம்மா கல்லறையில் நின்று திட்டியதைக் கேட்டார்களா? அவளுடைய கோபம் எங்கும் போகவில்லை. கார்மென்ட்ஸில் சட்டைகள் இன்னும் பறக்கின்றன. பிள்ளைக்குக் குறுக்கே நின்றபோது மட்டும் அதைக் கையால் தள்ளிவிட்டுப் போனாள், அவ்வளவுதான். சிந்தியா இப்போது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லறைக்குப் பூ கொண்டுவருகிறாள். அம்மா அவளோடு பேசுவது கிடையாது. வெயிலில் நிற்காதே, நிழலுக்கு வா என்று மட்டும் அதட்டுவாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிறு பூசையில் அந்த வரி வரும்போது நான் வாயை மூடிக்கொண்டு பீடத்தைப் பார்க்கிறேன். தெருவில் அதையும் கவனித்துவிட்டார்கள். அம்மா என் பக்கத்தில் நின்று, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அதைச் சொல்கிறாள்.